பொங்குவோம் என்றால் வில் குக் அல்ல

பொங்கல் முடிந்து வகுப்புக்கு வரும் பிள்ளைகளிடம் "எங்கள் வீட்டுப் பொங்கல்" என்று ஆங்கிலத்தில் ஐந்து வசனம் எழுதச் சொல்வது என் வழக்கம். கிளிநொச்சிப் பக்கத்தில் தரம் 8, 9 பிள்ளைகளுக்குப் பல வருஷமாக ஆங்கிலம் படிப்பிக்கிறேன். கொப்பிகளைத் திறந்தால் பாதிக்கு மேல் இந்த வசனம்தான் இருக்கும்: "வீ வில் குக் பொங்கல் இன் த யார்ட்."

பொங்கல் முடிந்து நாலு நாளாகிவிட்டது, புக்கையும் தீர்ந்துவிட்டது. இனி என்ன வில் குக்?

முந்தி சிவப்புப் பேனையால் வெட்டிவிட்டு அடுத்த கொப்பிக்குப் போய்விடுவேன். ஒரு பிள்ளைதான் என்னை மறித்தாள். "ரீச்சர், தமிழில பொங்குவம் எண்டுதானே சொல்லுறம்?" சரியான கேள்வி. "நாளைக்குப் பொங்குவோம்" என்றாலும் "தைப்பொங்கலுக்கு முற்றத்தில் பொங்குவோம்" என்றாலும் வினை ஒன்றுதான். முதலாவது இனி நடக்கப்போவது, மற்றது வருஷா வருஷம் நடப்பது. அதோடு விட்டதா? "முந்தி மடு மாதா கோயிலுக்கு மாட்டு வண்டிலில் போவோம்" என்று அம்மம்மா சொல்லும்போது அதே "வோம்" நின்றுபோன பழக்கத்தையும் சொல்லிவிடுகிறது. ஆங்கிலத்தில் இந்த மூன்றுக்கும் மூன்று வழி. நாளைக்கு என்றால் வில் குக், வருஷா வருஷம் என்றால் வெறும் குக், அம்மம்மாவின் கதைக்கு யூஸ்ட் டு கோ. பிள்ளை தமிழை ஒழுங்காகத்தான் பெயர்த்திருக்கிறாள். இந்த வித்தியாசத்தை நான்தான் சொல்லிக்கொடுக்கவில்லை.

இந்தக் கட்டுரையில் வினை நிகழ்காலத்துக்கு வந்த பிறகு ஆல்வேஸ் (எப்போதும்), யூஷுவலி (அநேகமாக), ஒஃபன் (அடிக்கடி), சம்டைம்ஸ் (இடைக்கிடை), ரெயர்லி (அரிதாக), நெவர் (ஒருபோதும் இல்லை) எல்லாம் வேலைக்கு வரும். இவற்றை ஏணி மாதிரிக் கீறி, உச்சியில் நூறு வீதம், அடியில் பூச்சியம் என்று காட்டுவார்கள். பல் தீட்டுவதற்கு அது பொருந்தும். பண்டிகைக்குக் கொஞ்சம் இடறும். "வீ ஒஃபன் செலிபிரேட் தைப்பொங்கல்" என்று ஒரு பையன் எழுதினான். வாசிக்கிற வெளியாள், இந்த வீட்டில் மாதத்துக்கு இரண்டு பொங்கல் போலிருக்கிறது என்று நினைப்பான். வருஷத்தில் ஒரு தரம் வருவதற்கு எவ்ரி இயர் போதும், அதை வசனத்தின் கடைசியில் வைக்கலாம். அந்த நாளுக்குள் என்னென்ன செய்கிறோம் என்று சொல்லத்தான் இந்தச் சொற்கள் வேண்டும். "வீ யூஷுவலி குக் அவுட்சைட்" என்றால் அநேகமான பொங்கலுக்கு முற்றத்தில்தான், மழை பெய்த வருஷம் குசினிக்குள் என்று அர்த்தம்.

எனக்குக் கோபம் வருவது பாடமாக்கிய கட்டுரைகளில். எல்லாக் கொப்பியிலும் "வீ ஆல்வேஸ் யூஸ் நியூ ரைஸ்." இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் வயல் செய்கிற வீட்டுப் பிள்ளையும் அப்படியே எழுதுகிறது. மழை பிந்தி விதைத்த வருஷம் தைப்பொங்கலுக்குக் காலபோக நெல் பச்சையாகவே நிற்கும், பானைக்குள் கடை அரிசிதான் போகும். அது அந்தப் பிள்ளைக்கு நன்றாகத் தெரியும். அப்போ சம்டைம்ஸ் என்று எழுதினால் என்ன? ஆல்வேஸ் என்று எழுதினாலும் இலக்கணம் சரியாக இருப்பதால் புள்ளி கிடைத்துவிடும். ஆனால் ஆல்வேஸுக்கும் சம்டைம்ஸுக்கும் இடையில் உள்ள தூரம் பிள்ளைக்குப் பிடிபடாமலே போகும்.

நெவர் இன்னொரு பொறி. "வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலண்டு நாங்கள் ஒருபோதும் மச்சம் சாப்பிட மாட்டம்" என்பதை ஒரு முல்லைத்தீவுப் பையன் "வீ டோன்ட் நெவர் ஈட் ஃபிஷ்" என்று எழுதினான். தமிழில் "ஒருபோதும்" வந்தால் கூடவே "மாட்டோம்" வந்தாக வேண்டும். ஆங்கிலத்தில் நெவருக்குள்ளேயே அந்த "மாட்டோம்" இருக்கிறது, டோன்ட் தேவையில்லை.

சொல்லை வைக்கிற இடமும் உண்டு. குக், கோ, ஈட் மாதிரி வினைக்கு முன்னால். இஸ், ஆர் வந்தால் அதற்குப் பின்னால். "வீ ஆல்வேஸ் கோ டு மடு." "மடு இஸ் ஆல்வேஸ் க்ரவுடட் இன் ஆகஸ்ட்." ஆகஸ்ட் 15 திருவிழாவுக்குப் போய் நெரிபட்டவர்களுக்கு இரண்டாவது வசனம் மறக்காது.

பின்னேரங்களில் பெற்றோருக்கும் ஒரு சின்ன வகுப்பு வைத்திருந்தேன். அதில் ஒரு அம்மா "வீ ஆல்வேஸ் குக் பொங்கல்" என்று எழுதிவிட்டுப் பேனையை வைத்தார். "ஆல்வேஸ் போடலாமோ ரீச்சர்? 2009 தைக்கு நாங்கள் பொங்கேல்லையே." போர் நடந்த அந்தத் தைக்கு வன்னியில் எங்கே நின்றோம் என்று வகுப்பில் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஆல்மோஸ்ட் (கிட்டத்தட்ட) என்ற சொல்லைக் கரும்பலகையில் எழுதினேன். அவர் கொப்பியில் ஆல்வேஸுக்கு முன்னால் அதைச் செருகினார்.

வீட்டில் ஆங்கிலம் தெரியாதே என்று கவலைப்படும் பெற்றோருக்கு ஒரு வேலை இருக்கிறது. பிள்ளை கட்டுரை எழுத உட்காரும்போது தமிழிலேயே கேளுங்கள்: "எல்லா வருஷமுமோ? அநேகமான வருஷமோ? இடைக்கிடையோ?" அதற்குப் பதில் வந்தால் ஆங்கிலச் சொல்லைப் பிள்ளை தானாகத் தேடிப் பிடிக்கும். இப்படி வகுப்பில் தீபாவளியைப் பற்றிக் கேட்டுக்கொண்டு போனபோது கடைசி வாங்கிலிருந்து ஒருவன் எழும்பி, இடமும் பிசகாமல், பைஸில் எஸ்ஸையும் விடாமல் சொன்னான்: "மை ஃபாதர் நெவர் பைஸ் கிராக்கர்ஸ்." அவனுடைய அப்பா ஏன் வெடி வாங்குவதில்லை என்று நான் கேட்கவில்லை.