அட்வான்ஸ் குடுக்குறதுக்கு முன்னாடி ஒரு தடவ கூப்புடுங்க: செகண்ட்ஸ் லக்ஸரி செடான் வாங்குறவங்களுக்கு

போன மாசம் ஒரு ஞாயித்துக்கெழம காலைல போன் வந்துச்சு. "அண்ணா, ஒரு ஜெர்மன் செடான் பேசி முடிச்சுட்டேன், 25 ஆயிரம் அட்வான்ஸும் குடுத்துட்டேன், நாளைக்கு டெலிவரி, வந்து ஒரு தடவ பாத்து ஓகே சொல்லுங்க"ன்னு திருப்பூர்ல இருந்து ஒரு தம்பி. இந்த வரிசைலதான் நூத்துல முக்காவாசிப் பேர் என்கிட்ட வர்றாங்க. பணம் குடுத்ததுக்கு அப்புறம் மனசு அந்த வண்டிக்குள்ள போய் உக்காந்துருது, அப்புறம் நான் என்ன குறை சொன்னாலும் "அது பரவால்லைங்கண்ணா, சரி பண்ணிக்கலாம்"னுதான் பதில் வரும். நான் கோயமுத்தூர்ல பத்தொம்பது வருஷமா இந்த மாதிரி வண்டிகள மட்டுமே வேலை பாக்குறேன், வாங்குறதுக்கு முன்னாடி செக் பண்ணிக் குடுக்குறதும் அதுல ஒரு பாதி. அந்தத் தம்பி கதைய கடைசில சொல்றேன், அதுக்கு முன்னாடி சொல்ல வேண்டியது நெறைய இருக்கு.

மொதல்ல விலை. புதுசுல 50 லட்சத்துக்குப் பக்கத்துல வித்த ஒரு பெரிய செடான், பத்துப் பன்னெண்டு வருஷம் ஆனதும் ஒரு புது சின்னக் காரோட விலைக்கு பழைய கார் விக்குற கன்சல்டிங்ல நிக்கும். பாக்குறவங்களுக்கு கை அரிக்கத்தான் செய்யும், நான் தப்பு சொல்லல. ஆனா வண்டியோட விலைதான் எறங்கிருக்கு, அதோட ஸ்பேர் விலை எறங்கவே இல்ல. ஹெட்லைட் யூனிட், ஏர் சஸ்பென்ஷன், இன்ஜெக்டர், கியர்பாக்ஸ்ல கியர் மாத்துறத கண்ட்ரோல் பண்ற மெக்கட்ரானிக் யூனிட், இதெல்லாம் இன்னிக்கும் 50 லட்ச ரூபா வண்டிக்கான விலைதான். ஒரு குடும்பம் சேத்து வச்ச மொத்தத்தையும் வண்டிக்கே குடுத்துட்டு ரெண்டு மாசத்துல முன்பக்கம் எறங்கி நின்னுருச்சுன்னு டோ பண்ணி எடுத்துட்டு வந்தாங்க, நான் எஸ்டிமேட் சொன்னப்ப அந்த வீட்டுக்காரம்மா கண்ணுல தண்ணி வந்துருச்சு. அன்னிலேர்ந்து யார் வந்தாலும் ஒன்னு சொல்லிருவேன், வண்டி விலைல கால்வாசி தனியா எடுத்து வைங்க, அது முடியலன்னா ஒரு படி சின்ன வண்டி பாருங்க.

அடுத்து சொகுசு. இதை யாருமே உக்காந்து யோசிக்கறதில்ல, பிராண்ட் பேரு இருந்தா சொகுசும் கூடவே வந்துரும்னு நெனைக்கறாங்க. யாரு ஓட்டப் போறா, யாரு பின்னாடி உக்காரப் போறா, அதுதான் மொத கேள்வி. அப்பாவுக்கு முழங்கால் ஆபரேஷன் ஆயிருந்தா தாழ்வா இருக்குற ஸ்போர்ட்டியான செடான்ல அவரால எறங்கவே முடியாது, கதவோட மேல் ஃப்ரேமப் புடிச்சு தொங்கித்தான் எந்திரிக்கணும். அதனால வண்டி பாக்கப் போறப்ப வீட்டுப் பெரியவங்கள கூட்டிட்டுப் போங்க, பின்சீட்ல ஒரு இருவது நிமிஷம் உக்கார வைங்க. 2017-ல வந்த மெர்சிடிஸ் இ-கிளாஸ் நம்ம நாட்டுக்கு நீளமான வீல்பேஸ்ல, அதாவது முன் வீலுக்கும் பின் வீலுக்கும் நடுவுல தூரம் கூட வச்சு வந்துச்சு, சாதா இ-கிளாஸ விட 140 மில்லிமீட்டர் கூட, அந்த மொத்த எடமும் பின்சீட்டுக்காரர் காலுக்குத்தான் போயிருக்கு. வீட்ல டிரைவர் இருக்காரு, நாம பின்னாடிதான் உக்காருவோம்ங்கறவங்களுக்கு அதுக்கு ஈடா இந்த விலைல இன்னொன்னு நான் பாக்கல.

டயரையும் இங்கயே சொல்லிர்றேன். நெறைய பிஎம்டபிள்யூ ரன்ஃப்ளாட் டயரோட வருது, பஞ்சர் ஆனாலும் கொஞ்ச தூரம் ஓட்டலாம், அதுக்காக அதோட பக்கச் சுவர் கெட்டியா இருக்கும். அந்தக் கெட்டிதான் நம்ம ஊர் ஸ்பீட் பிரேக்கர்லயும் குழிலயும் நேரா இடுப்புக்கு வருது. சாதா டயர் மாத்திட்டு டிக்கில ஒரு ஸ்டெப்னியும் ஏர் பம்பும் போட்டுக்கிட்டவங்க எல்லாரும் வண்டியே வேற மாதிரி ஆயிருச்சுன்னு சொல்றாங்க. டயர் எவ்ளோ பழசுன்னு பக்கத்துலயே எழுதிருக்கும், கடைசி நாலு நம்பர் 2319-ன்னு இருந்தா 2019-ஆம் வருஷம் 23-வது வாரம். பட்டன் நல்லா இருக்குன்னு ஏமாற வேணாம், ஓட்டாம நிறுத்தி வச்ச வண்டில ரப்பர் காஞ்சு வெடிப்பு விட்டுருக்கும்.

இப்ப எந்த வண்டின்னு கேப்பீங்க. என் கைல வந்து போனத வச்சும், இந்தத் தொழில்ல இருக்குற எல்லாருக்கும் தெரிஞ்சத வச்சும் சொல்றேன். பிஎம்டபிள்யூ 520டி ஓட்டுறதுக்கு அருமையான வண்டி, ஆனா அதுல என்47-ன்னு ஒரு டீசல் இன்ஜின் வந்துச்சு, அதோட டைமிங் செயின், அதாவது வால்வையும் பிஸ்டனையும் ஒத்து ஓட வைக்குற செயின், இன்ஜினுக்குப் பின்னாடி, கியர்பாக்ஸ் பக்கம் இருக்கு. 2011-க்கு முன்னாடி வண்டிகள்ல அந்தச் செயின் தேஞ்சு போறது உலகம் பூரா தெரிஞ்ச விஷயம், முன்பக்கம் இருந்தா ஒரு வேலை, பின்பக்கம் இருக்குறதால எறக்கி ஏத்துற கூலியே பெருசாயிரும், அறுந்துச்சுன்னா இன்ஜினே போச்சு. செயின் மாத்துன பில் காட்டுனா அந்த வண்டிய தைரியமா பாக்கலாம். அதோட எட்டு கியர் இசட்எஃப் கியர்பாக்ஸ் உண்மையிலயே நல்ல சாமான். அதுக்கு ஆயில் லைஃப்டைம், மாத்தவே வேணாம்னு சொல்லுவாங்க, கியர்பாக்ஸ் செஞ்ச இசட்எஃப் கம்பெனியே 80 ஆயிரத்துல இருந்து 1 லட்சத்து 20 ஆயிரம் கிலோமீட்டருக்குள்ள மாத்தச் சொல்லுது, நான் அதைத்தான் கேக்குறேன்.

பழைய இ-கிளாஸ், 2009-ல வந்த டபிள்யூ212-ங்கற மாடல், அதுல இ250 சிடிஐ டீசல் நெறைய ஓடுது. ஆரம்ப கால வண்டிகள்ல இன்ஜெக்டர் தொந்தரவு, அப்புறம் கம்பெனியே வேற வகை இன்ஜெக்டர் மாத்திக் குடுத்துச்சு, அது மாத்தியாச்சான்னு ரிக்கார்டுல பாருங்க. வி6 டீசல்னா ரெண்டு வரிசை சிலிண்டருக்கு நடுவுல இருக்குற ஆயில் கூலரோட சீல் கசியும், சீல் சின்னதுதான், அதைத் தொடுறதுக்கு மேல இருக்குற எல்லாத்தையும் கழட்டணும். ஆடி ஏ6-ல 2015-ல முகம் மாத்தி வந்த ஃபேஸ்லிஃப்ட்டுக்கு முந்துன 2.0 டீசல் மல்டிட்ரானிக்ங்கற சிவிடி, அதாவது தனித்தனி கியரே இல்லாத கியர்பாக்ஸோட வந்தது, நான் அதை யாருக்கும் சிபாரிசு பண்றதில்ல, அதுக்கப்புறம் வந்தத பாருங்க. ஸ்கோடா சூப்பர்ப்புக்கு பின்சீட் எடத்துல, அந்த நீள வீல்பேஸ் இ-கிளாஸத் தவிர இந்த விலைல எந்த ஜெர்மன் செடானும் பக்கத்துல வர முடியாது, ஆனா பழைய 1.8 பெட்ரோல் ஆயில் குடிக்கும், அதோட ஏழு கியர் டிஎஸ்ஜி, அதாவது ஆயில்ல ஊறாத டிரை கிளட்ச் ரெண்டு இருக்குற ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ், நம்ம டிராஃபிக்ல மெதுவா நகர்றப்ப உதறும். அதே சூப்பர்ப் டீசல்ல ஆறு கியர், ஆயில்ல ஊறுற வெட் கிளட்ச், அது எவ்வளவோ மேல்.

நம்பிக்கை மட்டும் போதும், பேட்ஜ் வேணாம்ங்கறவங்களுக்கு நான் கண்ண மூடிட்டுச் சொல்றது டொயோட்டா கேம்ரி ஹைப்ரிட். 2013-ல இருந்து இங்க பெங்களூருப் பக்கம் பிடதிலயே அசெம்பிள் ஆகுது, 2.5 லிட்டர் பெட்ரோல், கூட மோட்டார். அதுல கியர் மாத்துற கிளட்ச்சே கெடையாது, ஒன்ன ஒன்னு சுத்தி வர்ற பிளானட்டரி கியரும் ரெண்டு மோட்டாரும்தான், அதனால கியர்பாக்ஸ் வேலைன்னு என் ஷெட்டுக்கு ஒரு கேம்ரியும் இதுவரைக்கும் வந்ததில்ல. பாக்க வேண்டியது பேட்டரி. அதைக் குளுமையா வச்சுக்கறதுக்கு பின்சீட் பக்கத்துல இருந்து காத்து இழுக்குற ஒரு ஃபேன் இருக்கு, நாய் முடியும் தூசியும் அடைச்சுக்கிட்டா பேட்டரி சூடேறி சீக்கிரமே சாகும், சுத்தம் பண்றது அர மணி நேர வேலை, ஆனா பாதிப் பேருக்கு அப்படி ஒன்னு இருக்குறதே தெரியாது.

செக் பண்றதப் பத்தி. வண்டி குளுந்து இருக்கணும், ராத்திரி பூரா நின்ன வண்டிய காலைல நீங்க போய்தான் ஸ்டார்ட் பண்ணணும், "யாரும் செல்ஃப் அடிக்காதீங்க"ன்னு மொத நாளே சொல்லி வைங்க. போனதும் கைய பானட் மேல வைங்க, சுட்டுச்சுன்னா ஏதோ மறைக்கறாங்க, இன்னொரு நாள் வர்றேன்னு சொல்லிட்டு வந்துருங்க. செயின் சத்தம், ஆடுற ஐடில், புகை, எல்லாம் மொத பத்து செகண்ட்ல தெரிஞ்சுரும், சூடானதும் அமுங்கிரும். ஏர் சஸ்பென்ஷன் வண்டின்னா ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடியே நாலு வீலுக்கும் மட்கார்டுக்கும் நடுவுல இடைவெளி ஒன்னா இருக்கான்னு பாருங்க, ராத்திரில ஒரு மூலை எறங்கிருந்தா அங்க காத்து கசியுது. கியர்பாக்ஸுக்கு நேரெதிர், அது சூடானாத்தான் பேசும், அதனால நீலாம்பூர் பைபாஸ்ல அர மணி நேரமாவது ஓட்டிட்டு வந்து நிறுத்தி பிரேக் புடிச்சுக்கிட்டு ரிவர்ஸ்ல இருந்து டிரைவுக்கு மெதுவா மாத்திப் பாருங்க, முதுகுல தள்ளுற மாதிரி ஒரு ஜெர்க் வரக்கூடாது.

ஸ்கேனர் போடாம எந்த லக்ஸரி வண்டியும் வாங்காதீங்க. எரர் கோடு இல்லன்னா சந்தோஷப்பட வேணாம், காலைலதான் அழிச்சுருப்பாங்க, கோடு அழிச்சு எத்தன கிலோமீட்டர் ஓடிருக்குன்னு நெறைய வண்டில அதுலயே காட்டும். மீட்டரும் அப்படித்தான், டேஷ்போர்டுல கொறைச்சுருவாங்க, ஆனா ஓடுன தூரம் வேற யூனிட்கள்லயும் பதிஞ்சுருக்கும், ரெண்டும் ஒத்துப் போகலன்னா பேச்சே வேணாம். 60 ஆயிரம்னு மீட்டர் காட்டி ஸ்டியரிங் வழவழன்னு தேஞ்சு பிரேக் பெடல் ரப்பர் மொழுக்குன்னு இருந்தா ஸ்கேனரே தேவையில்ல.

இப்ப தண்ணில நின்ன வண்டி. 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்துலயும் 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயலப்பவும் தண்ணி ஏறுன வண்டிகள் எத்தனையோ, இன்சூரன்ஸ் டோட்டல் லாஸ், அதாவது சரி பண்றது கட்டுப்படியாகாதுன்னு போட்டது ஏலத்துல போயி, காய வச்சு, சீட் கவர் மாத்தி, வேற ஊர்ல விக்கறாங்க. சாதா கார்ல தண்ணி போனா ஓரளவு தப்பிக்கலாம், இந்த வண்டிகள்ல கார்ப்பெட்டுக்கு அடியிலயும் டிக்கி தளத்துலயும் கம்ப்யூட்டர் யூனிட்டும் வயர் கட்டும் ஓடுது, பச்சை படிஞ்ச ஒரு கனெக்டர் இன்னிக்கு வேலை செய்யும், ஆறு மாசம் கழிச்சு ஹைவேல கைவிடும்.

திருப்பூர் தம்பி வண்டிலயும் இதுதான். வெளிய பாத்தா கண்ணாடி மாதிரி இருந்துச்சு, உள்ள செண்ட் வாசம் தூக்குச்சு, வெயில்ல கதவ மூடி பத்து நிமிஷம் விட்டுட்டுத் தொறந்தேன், செண்டுக்கு அடில ஈரச் சாக்கு வாசம். டிரைவர் சீட் பெல்ட்ட கடைசி வரைக்கும் இழுத்தேன். மேல் பாதி கறுப்பு, வழக்கமா வெளிய வராத கடைசி ரெண்டடில செம்மண் கலர்ல நேரா ஒரு கோடு, நகத்தால சொரண்டுனா பொடியா உதுந்துச்சு. அப்புறம் சீட்ட முன்னாடி தள்ளி ரெயில் போல்ட்டப் பாத்தேன், துரு. டிக்கில ஸ்டெப்னி வைக்குற குழியோட மூலைல டார்ச் அடிச்சா காஞ்ச வண்டல். நான் ஒன்னும் பேசல, பெல்ட்ட அப்படியே அந்தத் தம்பி கைல குடுத்தேன். ரொம்ப நேரம் அதையே பாத்துட்டு இருந்தாப்ல.

பேப்பர் சீக்கிரம் சொல்லிர்றேன். டெல்லி வண்டி விலை கம்மியா கெடைக்கும், 10 வருஷத்துக்கு மேல டீசல் அங்க ஓடக்கூடாதுன்னு 2015-ல பசுமைத் தீர்ப்பாயம் சொல்லி, 2018-ல உச்ச நீதிமன்றமும் அதை உறுதி பண்ணுனதுல இருந்து தெக்க வந்து சேர்ந்த வண்டி ஏராளம். வண்டி நல்லதாவே இருக்கலாம், ஆனா அந்த ஊர் ஆர்டிஓ குடுக்குற ஆட்சேபணை இல்லைங்கற என்ஓசி கைல இல்லாம பணம் குடுக்காதீங்க, இங்க லைஃப் டாக்ஸ் திரும்பக் கட்டி நம்பர் மாத்தணும், அந்தச் செலவையும் சேத்துட்டா பல தடவ நம்ம ஊர் வண்டியே லாபமா இருக்கும். லோன்ல இருந்த வண்டின்னா ஆர்சில ஹைப்போ, அதாவது பேங்க் கடன் இருக்குங்கற குறிப்பு, நீங்கிருக்கணும், கடன் முடிஞ்சதுங்கற ஃபார்ம் 35-ம் பேங்க் லெட்டரும் இல்லாம வாய்ப் பேச்ச நம்ப வேணாம். பழைய இன்சூரன்ஸ் பாலிசில நோ கிளைம் போனஸ், அதாவது கிளைம் பண்ணாததுக்குக் குடுக்குற தள்ளுபடி, எவ்ளோன்னு பாருங்க, விபத்தே இல்லாத வண்டிங்கறாங்க, போனஸ் பூஜ்யம்னா ஏன்னு கேளுங்க.

அந்தத் தம்பிக்கு அட்வான்ஸ் திரும்பக் கெடைக்கல. வீட்ல கோவிச்சுக்கிட்டாங்க, 25 ஆயிரம் சும்மாவான்னு. மூணு வாரம் தேடி, ஈரோட்ல ஒரு டாக்டர் வச்சுருந்த கேம்ரி கெடைச்சுச்சு, ஒரே ஓனர், சர்வீஸ் பில் எல்லாம் ஒரு ஃபைல்ல வரிசையா கோத்து வச்சுருந்தாரு. காலைல ஏழு மணிக்குப் போனோம், பானட் ஜில்லுன்னு இருந்துச்சு. தம்பி அப்பாவையும் கூட்டிட்டு வந்துருந்தாப்ல, பின்சீட்ல உக்காந்து பெருந்துறை வரைக்கும் போயிட்டு வந்தாரு, நிறுத்துனதும் நான் ஓடிப் போய் கை குடுக்கலாம்னு கதவத் தொறந்தேன், அதுக்குள்ள அவரே ஒரு காலை வெளிய வச்சு, இன்னொரு காலையும் எடுத்து வச்சு, எதையும் புடிக்காம எந்திரிச்சு நின்னுட்டாரு.