தனித்துவ அடையாள எண்: பதிவுக்குப் போகும் முன் பட்டாவில் பெயரைப் பாருங்கள்

விவசாயிகளுக்கான தனித்துவ அடையாள எண் 11 இலக்கம் கொண்டது. ஆதார் ஆளைக் காட்டும், பட்டா நிலத்தைக் காட்டும், இந்த எண் இரண்டையும் ஒன்றாகப் பிணைக்கும். மத்திய அரசு 2024 செப்டம்பரில் ஒப்புதல் அளித்த 2,817 கோடி ரூபாய் டிஜிட்டல் வேளாண்மை இயக்கத்தின் அடித்தளமே இதுதான். நிலமுள்ள விவசாயிகளுக்கு மத்திய அரசு தவணையாகத் தரும் பி.எம். கிசான் உதவித்தொகைக்கு இந்த எண் வேண்டும் என்று தமிழ்நாட்டில் வேளாண்மைத் துறை அறிவித்திருக்கிறது.

பதிவுக்குக் கட்டணம் இல்லை. வேளாண்மைத் துறை கிராமங்களில் நடத்தும் முகாமிலோ பொது சேவை மையத்திலோ பதியலாம். ஆதார், கணினிப் பட்டா, ஆதாரோடு இணைத்த எண் உள்ள கைபேசி மூன்றும் கையில் இருக்க வேண்டும். கைபேசியை வீட்டில் வைத்துவிட்டு வந்தால் வேலை நடக்காது. தொடக்கத்தில் ஒரு ஓ.டி.பி. வரும், கடைசியில் மின் கையொப்பத்துக்கு இன்னொன்று வரும். அந்த சிம் எப்போதோ செயலிழந்துவிட்டது என்றால் முதலில் ஆதார் சேவை மையத்தில் புது எண்ணைச் சேர்த்துவிட்டு வாருங்கள்.

பெரும்பாலும் சிக்கல் பெயரில்தான் வரும். பட்டாவில் ‘பழனிச்சாமி மகன் செல்வராசு’ என்றிருக்கும், ஆதாரில் ‘செல்வராஜ் பி’ என்றிருக்கும். ஊரில் எல்லோருக்கும் அவர் ஒரே ஆள்தான், ஆனால் கணினி இரண்டு பெயர்களையும் எழுத்தெழுத்தாக ஒப்பிடுகிறது. வேறுபாடு கூடினால் விண்ணப்பம் அதிகாரியின் சரிபார்ப்புக்குப் போய்க் காத்திருக்கும். முன்னெழுத்து மட்டும் மாறியிருந்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். பெயரே மாறியிருந்தால் வட்டாட்சியர் அலுவலகத்தில் பட்டாவைத் திருத்துவதே நிலையான வழி. வருவாய்த் துறை ஆண்டுதோறும் நடத்தும் ஜமாபந்தி எனும் கணக்குத் தணிக்கையிலும் இதற்கு மனு கொடுக்கலாம்.

பட்டா இன்னும் இறந்துபோன அப்பா பெயரில் இருந்தால் பிள்ளைகள் அந்த நிலத்தைத் தங்கள் எண்ணில் சேர்க்க முடியாது. இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, பாகம் பிரித்திருந்தால் அதன் பத்திரம் ஆகியவற்றோடு இ-சேவை மையத்தில் பட்டா மாறுதலுக்கு விண்ணப்பிக்க வேண்டும். உட்பிரிவு தேவைப்பட்டால் நில அளவர் வந்து அளந்த பிறகே முடியும் என்பதால் நாளாகும். நடவு, அறுவடை என்று தள்ளிப்போடாமல் இப்போதே தொடங்குவது நல்லது. கூட்டுப் பட்டா என்றால் அவ்வளவு தொல்லை இல்லை. பெயருள்ள ஒவ்வொருவரும் தனித்தனியாகப் பதியலாம், பட்டியலில் தன் பெயரைத் தானே தேர்வு செய்தால் போதும்.

நிலத்தைச் சேர்க்கும்போது மாவட்டம், வட்டம், கிராமம், புல எண், உட்பிரிவு என்ற வரிசையில் கேட்கும். 45/2ஏ என்பதை 45/2 என்று பதிந்தால் இன்னொருவர் நிலம் வந்து நிற்கும். பக்கத்துக் கிராமத்தில் இருக்கும் அரை ஏக்கரையும் விடாமல் சேருங்கள், எல்லா நிலத்துக்கும் சேர்த்து ஒரே எண்தான். மையத்தை விட்டுக் கிளம்பும் முன் திரையில் பரப்பளவைப் பட்டாவோடு ஒருமுறை ஒப்பிடுங்கள். பதிவு எண் உள்ள ஒப்புகைச் சீட்டையும் கேட்டு வாங்குங்கள்.

அடையாள எண் வந்த பிறகும் 2,000 ரூபாய்த் தவணை வரவில்லை என்றால் இரண்டு இடங்களில் பாருங்கள். ஒன்று, பி.எம். கிசானின் இ-கே.ஒய்.சி., அதாவது ஆதார் வழியே ஆளைச் சரிபார்ப்பது. அது தனி வேலை, ஓ.டி.பி., விரல்ரேகை, முகப் பதிவு மூன்றில் ஏதாவது ஒன்றால் முடிக்கலாம். இன்னொன்று வங்கி. பணம் ஆதார் வழியே போவதால், நீங்கள் கடைசியாக எந்தக் கணக்கில் ஆதாரை நேரடி மானியத்துக்கு இணைத்தீர்களோ அங்கேதான் விழும். பழைய பாஸ்புக்கில் பதிவு இல்லையே என்று வருந்துகிறவர்களின் பணம், அஞ்சலகத்தில் புதிதாகத் திறந்த கணக்கில் கிடப்பது உண்டு.

குத்தகைக்கு உழுபவர்களுக்குப் பி.எம். கிசான் கிடையாது, அது நில உரிமையாளருக்கானது. அவர்கள் உழைப்பில் விளையும் நிலத்தில் இது பெரிய குறை. ஆனால் பயிர்க் காப்பீட்டில் அவர்களும் சேரலாம். அதற்குக் கிராம நிர்வாக அலுவலரிடம் எந்த நிலத்தில் என்ன பயிர் என்று காட்டும் சாகுபடி அடங்கல் வாங்கி, அந்தப் பயிருக்கு அறிவித்த கடைசி நாளுக்குள் பொது சேவை மையத்தில் பிரீமியம் கட்ட வேண்டும்.