நீலத்தில் கறுப்புக் கோடு, யார் இது?

ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டில் ஸ்கூபா போய்வந்த வாசகர் ஒருவர் படம் அனுப்பி, "இது என்ன கடலட்டை?" என்று கேட்டிருக்கிறார். விரல் நீளத்துக்கு நீல உடம்பு, நெடுக்கக் கறுப்புக் கோடுகள், ஆரஞ்சு விளிம்பு. கடலட்டை வேறு, அது நட்சத்திர மீனின் சொந்தக்காரன். இது ஓட்டைத் தொலைத்த கடல் நத்தை, குரோமோடோரிஸ் பேரினம்.

எந்தச் சிற்றினம் என்பதில்தான் சிக்கல், இதே உடுப்பில் அங்கே பல பேர் திரிகிறார்கள். கோடுகளை எண்ணிப் பிரயோஜனமில்லை. தலையிலுள்ள இரண்டு முகர்கொம்புகளையும் முதுகின் பின்பக்கம் பூப்போல விரிந்திருக்கும் செவுளையும் பாருங்கள். அவற்றில் வெள்ளைப் புள்ளிகள் இருந்தால் வில்லானி. நீலத்தின் மேல் மிளகுத்தூள் தூவினாற்போல் இருந்தால் அன்னே. அந்தத் தூவல் இல்லாமல் கொம்பும் செவுளும் ஆரஞ்சாக இருந்தால் எலிசபெத்தினா. உங்களுடையது இந்தக் கடைசி ரகம் என்று நினைக்கிறேன். அடித்துச் சொல்ல மாட்டேன், ஏனென்றால் ஒரே இனம் வேறு வேறு நிறத்திலும் வேறு வேறு இனங்கள் ஒரே நிறத்திலும் இருப்பதை 2018இல் வந்த மரபணு ஆய்வு காட்டிவிட்டது.

சரி, ஏன் எல்லோருக்கும் ஒரே உடுப்பு? இவை தின்பது கடற்பஞ்சு, கடலடியில் ஒட்டி வாழும் எளிய விலங்கு. அதிலிருக்கும் லாட்ருன்குலின் ஏ என்ற நஞ்சை முதுகின் விளிம்பில் சேமித்துவைக்கின்றன. வயிற்றுக்குள் வேறு சேர்மங்கள் இருந்தும், விளிம்புக்கு அனுப்புவது இதை மட்டும்தான் என்று ஐந்து இனங்களில் பார்த்திருக்கிறார்கள். மீன் முதலில் கடிப்பதும் ஓரத்தைத்தானே!

அந்த நஞ்சு வேலை செய்யும் விதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். நம் செல்லுக்குள் ஆக்டின் என்ற புரதம் மணிமணியாக மிதக்கிறது, மணிகள் சரமாகக் கோத்துக்கொண்டுதான் செல்லுக்கு வடிவமும் நகர்ச்சியும் கிடைக்கின்றன. சரம் ஒரு முனையில் அவிழ்ந்தபடியே இருக்கும், மறுமுனையில் புது மணிகள் வந்து சேரும். லாட்ருன்குலின் முக்கியமாக, மிதக்கும் மணிகளை ஒவ்வொன்றாகப் பிடித்துவைத்துக்கொள்கிறது. அவிழ்வது மட்டும் நிற்காது, கோக்க மணி கிடையாது, செல்லின் சட்டகம் கரைந்துபோகிறது.

ஒருமுறை கடித்துக் கசப்பை உணர்ந்த மீன் அந்த உடுப்பையே ஒதுக்கும். ஆளுக்கொரு உடுப்பு என்றால் ஒவ்வொரு இனமும் தனித்தனியாகக் கடிபட்டுப் பாடம் நடத்த வேண்டும்.

செங்கடல் கடற்பஞ்சில் கண்டுபிடித்த இந்த நஞ்சை இன்று செல் உயிரியல் ஆய்வகங்கள் காசு கொடுத்து வாங்குகின்றன. நத்தைக்கும் பஞ்சுக்கும் எதற்கு நிதி என்று கேட்பவர்களை நினைத்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

அப்புறம், அடுத்த முறை செவுளையும் கிட்டத்தில் எடுத்து அனுப்புங்கள்.