நகர மாளிகை: 'பரோக் பேலஸ்' தமிழில் என்ன?

செக் நாட்டுத் தலைநகர் பிராகில், பழைய நகரப் பகுதியின் ஹுசோவா தெருவில் கிளாம்-கல்லாஸ் என்ற கட்டடம் இருக்கிறது. பரோக் என்ற ஐரோப்பியக் கலைப்பாணியில் 1710-களில் கட்டப்பட்டது. இப்போது கண்காட்சிகளும் கச்சேரிகளும் நடக்கும் பண்பாட்டு மையம். ஆங்கிலத்தில் இதை 'பேலஸ்' என்பார்கள். தமிழில் எழுதும்போது கை தானாக 'அரண்மனை' என்று எழுதிவிடும். அந்தச் சொல் இங்கே பொருந்தாது.

அரண் என்றால் காவல், கோட்டை. அரணுக்குள் இருக்கும் மனை அரண்மனை. தஞ்சாவூர் அரண்மனை கோட்டைக்குள் இருப்பது. அங்கே சொல்லும் பொருளும் ஒட்டி நிற்கின்றன. கிளாம்-கல்லாஸுக்கு மதில் இல்லை, அகழி இல்லை. வாசலைத் தாண்டினால் தெருதான். அதில் குடியிருந்ததும் அரசன் அல்ல. கட்டியவர் கல்லாஸ் பிரபு. அன்று செக் நாட்டையும் ஆண்ட ஹாப்ஸ்பர்க் வம்சப் பேரரசரிடம் உயர்பதவியில் இருந்தவர், 1719-இல் நேப்பிள்ஸில் அரசப் பிரதிநிதியாக இருந்தபோது இறந்தார். பின்னால் கல்லாஸ் வாரிசு அற்றுப்போக, சொத்து கிளாம் குடும்பத்துக்குப் போய் இரண்டு குடும்பப் பெயரும் ஒட்டிக்கொண்டன.

'பேலஸ்' என்ற சொல்லே ஒரு குன்றின் பெயரிலிருந்து வந்தது. ரோம் நகரத்து ஏழு குன்றுகளில் ஒன்று பலாட்டைன், லத்தீனில் பலாட்டியம். அகஸ்டஸ் அங்கே குடியிருந்தார், அடுத்து வந்த பேரரசர்களும் அங்கேயே கட்டிக்கொண்டே போனார்கள். குன்றின் பெயர் வீட்டின் பெயரானது. அதிலிருந்து இத்தாலியில் பலாட்ஸோ, பிரான்சில் பலே, செக் மொழியில் பலாட்ஸ். ஆனால் ஊருக்கு ஊர் பொருள் விலகியது. இத்தாலியில் நகரத்தில் இருக்கும் பெரிய கட்டடம் எதுவானாலும் பலாட்ஸோதான். அடுக்குமாடிக் குடியிருப்பைக்கூட அப்படிச் சொல்வார்கள். பாரிஸில் பிரபுவின் நகர வீட்டுக்கு 'ஓத்தெல்' என்று பெயர். அங்கே 'ஓத்தெல் த சுல்லி' என்ற பலகையைப் பார்த்து அறை கேட்கக் கூடாது! செக் மொழி இன்னும் துல்லியம்: கோட்டைக்கு ஹ்ராட், நாட்டுப்புறத்துப் பெருமாளிகைக்கு ஸாமெக், நகரத்துக்குள் இருப்பதற்கு பலாட்ஸ். மூன்றையும் நாம் ஒரே 'அரண்மனை'யில் அடைத்தால் வேறுபாடு மொத்தமும் போய்விடும்.

என் பரிந்துரை 'நகர மாளிகை'. கங்கைகொண்ட சோழபுரத்துக்குப் பக்கத்தில் சோழர் இருப்பிடம் புதைந்திருந்த இடத்துக்கு மாளிகைமேடு என்றுதானே பெயர், மாளிகையும் அரசனுடையதுதானே என்று கேட்கலாம். சரிதான். ஆனால் மாளிகை என்ற சொல் அரசனோடு நின்றுவிடவில்லை. செல்வந்தர் வீட்டையும் அப்படியே சொல்கிறோம், கோட்டை கொத்தளம் எதுவும் மனதில் வருவதில்லை. 'கோயில்' என்பதும் ஒரு காலத்தில் கோ, அதாவது அரசன், வாழும் இல்லத்தைக் குறித்ததுதான். இன்று அதை இதற்கு எடுக்க வழியில்லை.

அடுத்து 'பரோக்'. கோணல்மாணலான முத்தைக் குறித்த 'பரோக்கோ' என்ற போர்ச்சுகீசியச் சொல்லிலிருந்து இது வந்தது என்பதே பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். நம் ஆணிமுத்துக்கு நேர் எதிரானது அது. 18-ஆம் நூற்றாண்டில் 'அளவு மீறியது, விகாரமானது' என்று குறை சொல்லவே இந்தச் சொல்லைக் கலைக்குப் பயன்படுத்தினார்கள். வசவு பிற்பாடு ஒரு பாணியின் பெயராக நிலைத்துவிட்டது. இதை மொழிபெயர்க்க வேண்டியதில்லை, பரோக் என்றே எழுதலாம்.

பாணி என்ன என்பதைக் கிளாம்-கல்லாஸின் வாசலே காட்டும். வரைந்தவர் வியன்னாவின் அரசவைக் கட்டடக் கலைஞர் ஃபிஷர் ஃபொன் எர்லாக். ஹுசோவா தெருப் பக்கம் இரண்டு வாசல்கள்; ஒவ்வொன்றின் இருபுறமும் மத்தியாஸ் பிரவுன் செதுக்கிய, கிரேக்கப் புராண வீரன் ஹெர்குலிஸின் உருவங்கள். தாடியும் முறுக்கேறிய தசையுமாக, முதுகை வளைத்து மேலே உள்ள கல்லைச் சுமக்கின்றன. தெரு குறுகல் என்பதால் முகப்பு முழுவதும் ஒரே பார்வையில் அகப்படாது. இந்த உருவங்கள்தான் முதலில் கண்ணில் மோதும். உள்ளே படிக்கட்டுக்கு மேல் கார்லோ கார்லோனே தீட்டிய, கிரேக்கக் கடவுள் அப்பல்லோவின் ஓவியம். அது இருக்கும் இடத்தை 'சீலிங்' என்று எழுதுவதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. விதானம் என்ற சொல் நம்மிடம் புழக்கத்திலேயே இருக்கிறது. முகப்பு, முற்றம், கூடம், உப்பரிகை, விதானம்: ஒரு பரோக் மாளிகையை வருணிக்க இவ்வளவும் கைவசம் உள்ளன.

மிச்சம் 'கல்ச்சுரல் சென்டர்'. கலாச்சார மையம் என்று எழுதுவோர் அதிகம், தவறில்லை. நான் பண்பாட்டு மையம் என்றே எழுதுவேன். 'கல்ச்சர்' நிலத்தை உழுது பயிரிடுவதைக் குறித்த லத்தீன் வேரிலிருந்து வந்தது. தமிழிலும் நிலத்தைப் பண்படுத்துகிறோம். பல காலம் நகர ஆவணக் காப்பகம் இயங்கி, பெரிய சீரமைப்புக்குப் பிறகு மக்களுக்குத் திறந்துவிடப்பட்ட இந்தக் கட்டடத்தைத் தமிழில் அறிமுகம் செய்ய 'கிளாம்-கல்லாஸ் பரோக் நகர மாளிகை, இன்று பண்பாட்டு மையம்' என்று எழுதினால் போதும்.