உள்ளே இழுத்த புகை சிறுநீர்ப்பைக்குப் போவது எப்படி?

“என் மாமனார் சிறு வயதிலிருந்தே பீடி பிடிப்பவர். நுரையீரல் நன்றாக இருக்கிறதாம். சிறுநீர்ப்பையில் புற்றுநோய் என்கிறார்கள். புகை எங்கே, சிறுநீர்ப்பை எங்கே?” ஈரோட்டிலிருந்து வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

இதற்கு விடை கிடைத்த வழி சாயப் பட்டறை வழியாகப் போகிறது. ஈரோட்டுக்காரருக்கு அது அன்னியமாக இருக்காது.

1895இல் ஜெர்மனியின் ஃபிராங்பர்ட் நகரில் லுட்விக் ரேன் என்ற அறுவை மருத்துவர் ஒரு செய்தியை அறிவித்தார். ஃபுக்‌சின் என்ற சிவப்புச் சாயம் தயாரித்த 45 தொழிலாளர்களில் மூவருக்குச் சிறுநீர்ப்பையில் கட்டி. (மறு ஆண்டே இவர் ஓர் இளைஞரின் குத்துப்பட்ட இதயத்தைத் தைத்துப் பிழைக்க வைத்தார், மருத்துவ வரலாறு அவரை அதற்காகத்தான் கொண்டாடுகிறது. எனக்கென்னவோ இந்த மூன்று பேர்தான் பெரிதாகப் படுகிறார்கள்.) ரேன் சந்தேகப்பட்டது சாயத்தின் மூலப்பொருளான அனிலைனை. உண்மைக் குற்றவாளிகள் அதன் உறவினர்களான 2-நாப்தைலமீன், பென்சிடின் போன்றவை. இந்தக் குடும்பத்துக்கு அரோமாட்டிக் அமீன்கள் என்று பெயர்.

அதை நிரூபிப்பது எளிதாக இல்லை. எலிக்கும் முயலுக்கும் கொடுத்துப் பார்த்தார்கள். சிறுநீர்ப்பையில் ஒன்றும் நடக்கவில்லை. சாய முதலாளிகளுக்கு அது வசதியாக இருந்திருக்கும். அமெரிக்காவில் டூபாண்ட் என்ற ரசாயன நிறுவனத்தின் ஆய்வகத்தில் இருந்த வில்ஹெல்ம் ஹூப்பர் நாய்களுக்குக் கொடுத்தார். நாய்களுக்குப் புற்றுநோய் வந்தது. முடிவுகள் 1938இல் அச்சாயின. அதற்குள் ஹூப்பரின் வேலை போய்விட்டது.

எலி தப்பித்து நாய் மாட்டிக்கொண்டது ஏன்? இந்த இடத்தில்தான் எனக்கு ரசாயனத்தின் மேல் காதலே வந்தது.

நுரையீரல் வழியாகவோ தோல் வழியாகவோ ரத்தத்தில் கலந்த அமீன் கல்லீரலுக்குப் போகிறது. அங்கே அதற்கு இரண்டு பாதைகள். முதல் பாதையில் நாட்2 என்ற நொதி, அமீனின் நைட்ரஜன் மேல் அசிட்டைல் என்ற சிறு அணுத் தொகுதியை ஒட்டுகிறது. விஷப் பல் பிடுங்கப்பட்ட அமீன் பெரும்பாலும் தொல்லையில்லாமல் வெளியேறுகிறது. இரண்டாம் பாதையில் வேறொரு நொதி அதே நைட்ரஜன் மேல் ஆக்சிஜனை ஏற்றுகிறது. இப்போது அது ஆபத்தான பொருள். கல்லீரலும் சும்மா விடுவதில்லை. அதோடு குளுக்குரோனிக் அமிலத்தைக் கோத்து, நீரில் கரைய வைத்து, ரத்தத்தில் அனுப்புகிறது. கைவிலங்கு மாட்டிய கைதியை ஊரைவிட்டு அனுப்புவது போல. ரத்தத்தின் நடுநிலையான சூழலில் விலங்கு கழலாது. ஆனால் சிறுநீர் பெரும்பாலும் அமிலத்தன்மை கொண்டது. அங்கே விலங்கு கழன்றுவிடுகிறது. விடுபட்ட அமீன், அந்த அமிலத்திலேயே எலக்ட்ரான் பற்றாக்குறை உள்ள ஓர் அயனியாக மாறி, பக்கத்துச் செல்லின் டிஎன்ஏவில் உள்ள நான்கு எழுத்துகளில் ஒன்றான குவானினோடு போய் ஒட்டிக்கொள்கிறது. செல் பிரியும்போது அந்த எழுத்து தவறாகப் படியெடுக்கப்பட்டால், அது திடீர் மாற்றம். இத்தகைய மாற்றங்கள் சேரச் சேரப் புற்றுநோய்.

சிறுநீரகத்திலிருந்து வரும் குழாயில் சிறுநீர் நிற்பதில்லை. சிறுநீர்ப்பையிலோ மணிக்கணக்கில் தேங்கி நிற்கிறது. உடலின் வேறு எந்த உறுப்புக்கும் இந்தக் கழிவில் இவ்வளவு நேரம் ஊறும் தலைவிதி இல்லை.

நாய்க்கு வருவோம். நாய்களிடம் அசிட்டைல் ஒட்டும் அந்த மரபணுக்களே கிடையாது. முதல் பாதை அடைப்பு. எல்லாமே இரண்டாம் பாதையில்தான் போயாக வேண்டும்.

மனிதர்களில் பாதை அடைபடவில்லை, ஆனால் எல்லோருக்கும் ஒரே அகலம் இல்லை. சிலர் வேகமாக ஒட்டுகிறவர்கள், சிலர் மெதுவாக. இது முதலில் தெரியவந்தது காசநோய் மருந்தான ஐசோனியசிட் மூலம். அதையும் இதே நொதிதான் செயலிழக்கச் செய்கிறது. 1956இல் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் ஆய்வு மையத்தில், எந்த நோயாளியின் ரத்தத்தில் மருந்து எவ்வளவு நேரம் நிற்கிறது என்று 1960களில் பொறுமையாக அளந்தார்கள். மெதுவானவர்களுக்கு மருந்து கூடுதல் நேரம் நிற்கும். காசநோய்க்கு அது நல்லது. சாயத்துக்கு அதுவே வினை. 1982இல் இங்கிலாந்தின் ஹடர்ஸ்ஃபீல்டில் சாயத் தொழிலில் இருந்து சிறுநீர்ப்பைப் புற்றுநோய் வந்த 23 பேரைச் சோதித்தபோது, 22 பேர் மெதுவானவர்கள். மாத்திரை கரையும் வேகத்தை அளக்கிற வேலையிலிருந்து புற்றுநோய்க்கு ஒரு விளக்கம் கிடைக்கும் என்று எந்த நிதிக்குழுவிடம் முன்கூட்டியே எழுதிக் கொடுக்க முடியும்? “இதனால் உடனடிப் பயன் என்ன” என்ற கட்டத்தை விண்ணப்பப் படிவத்திலிருந்தே எடுத்துவிடலாம் என்பது என் கட்சி.

இனி மாமனார். புகையிலைப் புகையில் 2-நாப்தைலமீன் இருக்கிறது; அதைவிடக் கொடிய 4-அமினோபைபினைலும் இருக்கிறது. பிரிட்டனின் ஐசிஐ என்ற ரசாயன நிறுவனம் 1949இல் தயாரிப்பையே நிறுத்திவிட்ட 2-நாப்தைலமீனை, பெட்டிக் கடையில் காசு கொடுத்து வாங்கி நெஞ்சு நிறைய இழுக்கிறோம். சிறுநீர்ப்பைப் புற்றுநோயில் ஏறக்குறையப் பாதிக்குப் புகைதான் காரணம் என்பது மேலை நாட்டு ஆய்வுகளின் கணக்கு. மெதுவாக ஒட்டும் மரபணு கொண்டவர் புகைத்தால் ஆபத்து இன்னும் ஏறுகிறது. புகைக்காதவரிடம் அந்த மரபணுவால் பெரிய வேறுபாடு தெரியவில்லை. பிறவியில் வந்த மரபணுவை மாற்ற முடியாது, பீடியை விட முடியும். விட்டால் ஆபத்து சில ஆண்டுகளிலேயே இறங்கத் தொடங்கும். முழுதாக இறங்கப் பல பத்தாண்டுகள் பிடிக்கும்.

நிறையத் தண்ணீர் குடித்தால் வராது என்கிறார்கள். கேட்க நியாயமாக இருக்கிறது, ஆனால் ஆய்வுகள் ஒன்றுபோலச் சொல்லவில்லை. தண்ணீரில் ஆர்சனிக் இருந்தால் கதையே வேறு: சிலியின் அன்டோஃபகஸ்டா நகரில் குடிநீரால் இந்த நோய் பெருகியது. இந்தியாவில் பென்சிடின் சாயங்களுக்கு 1990களிலேயே தடை வந்துவிட்டது. அப்படியும் சாயத்தூளை வெறுங்கையால் அள்ளக் கூடாது. இந்த அமீன்கள் தோல் வழியாகவும் நுழையும்.

மூலிகை என்றால் தீங்கில்லை என்று நம்புகிறவர்கள் ஆடுதின்னாப்பாளையையும் ஈஸ்வரமூலியையும் பற்றித் தெரிந்துகொள்வது நல்லது. அவற்றில் உள்ள அரிஸ்டோலோகிக் அமிலம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். சிறுநீர்ப் பாதையின் உட்சுவரில் புற்றுநோயை உண்டாக்கும். 1990களில் பெல்ஜியத்தில் உடல் இளைக்க இந்தக் குடும்பச் செடி கலந்த மருந்தைச் சாப்பிட்ட பெண்கள் அதற்குச் சாட்சி. ஆடே தின்னாத செடியை நாம் ஏன் தின்கிறோம் என்று தெரியவில்லை.

எனக்கு மிகவும் கோபம் வரும் இடம் “சூடு”. சிறுநீரில் ரத்தம் போனால் நம் வீடுகளில் உடல் சூடு என்பார்கள், இளநீர் கொடுப்பார்கள், இரண்டு நாளில் நின்றுவிடும். இளநீர் வென்றதாக எல்லோருக்கும் நிம்மதி. சிறுநீர்ப்பைக் கட்டியிலிருந்து வரும் ரத்தத்தின் சுபாவமே அதுதான்: வலி இருக்காது, ஒரு நாள் வரும், தானாக நிற்கும், மாதங்கள் கழித்து மறுபடி வரும். அதற்குள் கட்டி உட்சுவரைத் தாண்டித் தசைக்குள் இறங்கியிருக்கலாம். முதலில் கண்டுபிடிக்கப்படும்போது நான்கில் மூன்று கட்டிகள் தசையைத் தொட்டிருப்பதில்லை. சிறுநீர் வெளியேறும் வழியாகவே கருவியை விட்டுச் சுரண்டி எடுத்துவிடலாம். திரும்ப வரக்கூடியது என்பதால் தொடர்ந்து உள்நோக்கிக் கருவியால் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். தசைக்குள் போனபின் பையையே எடுக்க வேண்டி வரலாம்.

எனவே வலியில்லாத ரத்தம் ஒரே ஒரு முறை வந்து நின்றிருந்தாலும் சிறுநீரக மருத்துவரைப் பார்த்தாக வேண்டும். சாயம், ரப்பர் ஆலைகளில் வேலை செய்தவர்கள் அதை மருத்துவரிடம் தாமாகவே சொல்ல வேண்டும். பதினைந்து, இருபது ஆண்டுகளுக்கு முன் விட்ட வேலையாக இருந்தாலும் சரி. இந்த நோய் தலைகாட்ட ஏறக்குறைய அவ்வளவு காலம் எடுத்துக்கொள்கிறது. ஓய்வு பெற்றவரிடம் பழைய வேலையைப் பற்றிக் கேட்க எல்லா மருத்துவருக்கும் தோன்றுவதில்லை.