மானியம்: யார் யாருக்குக் கொடுக்கும் பணம்?

கோபிச்செட்டிபாளையத்தை ஒட்டிய ஒரு நிறுத்தத்தில் பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். தனியார் டவுன் பஸ் ஒன்று வந்தது. பக்கத்தில் நின்ற வயதான அம்மா ஏறவில்லை. "ஏறுங்கம்மா, சீட் இருக்குதுங்க" என்றார் கண்டக்டர். "கவர்மென்ட் பஸ் வருமுங்க, நான் அதுல வந்துக்கறேன்" என்றார் அவர். வண்டி நகரும்போது கண்டக்டர் என்னைப் பார்த்து, "அவங்களுக்கு மானியம் இருக்குதுங்க. எங்களுக்கு டீசல் காசு ஆருங்க குடுப்பாங்க?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அவர் கேட்டது நியாயமான கேள்வி. ஆனால் "அவங்களுக்கு" என்று யாரைச் சொன்னார்? அந்த அம்மாவையா, அரசுப் போக்குவரத்துக் கழகத்தையா? இந்தக் குழப்பம் அவருடையது அல்ல, மானியம் என்ற சொல்லிலேயே இருக்கிறது.

மானியம் வடசொல். 'மான்ய' என்றால் மதிக்கத்தக்கது. மதிப்புச் செய்யும் விதமாக அரசர் கொடுத்த, வரி கட்ட வேண்டாத நிலம் மானியம் ஆனது. இதே பொருளுக்குக் கல்வெட்டுகளில் வரும் தமிழ்ச் சொல் இறையிலி. இறை என்றால் வரி, அது இல்லாதது இறையிலி. பிற்காலத்தில் அரபியிலிருந்து இனாம் வந்து சேர்ந்தது. இன்று இனாம் என்றால் சும்மா கிடைப்பது என்று ஆகிவிட்டது. மானியமும் பாதி அந்தப் பக்கம் சாய்ந்துதான் நிற்கிறது.

நம் ஊர்களில் இன்னமும் 'கோயில் மானியக் காடு' என்ற பேச்சு உண்டு. காடு என்றால் நம் பக்கம் விளைநிலம். பழைய மானியங்களில் ஒரு பெரிய பங்கு ஊழிய மானியம். பூசை செய்கிறவர், விளக்குப் போடுகிறவர், ஊர்க்காவல் பார்க்கிறவர் என்று ஒரு வேலைக்கு எதிராகக் கொடுத்த நிலம் அது. வேலை நின்றால் நிலத்தின் மேல் இருந்த உரிமைக்கும் கேள்வி வரும். இதற்கு உம்பளம் என்று அழகான ஒரு பழஞ்சொல்லும் உண்டு. ஆக, மானியம் என்பது முழுக்க முழுக்க தயவு அல்ல, அதற்குள் சம்பளமும் இருந்தது. 1963-இல் சிறு இனாம்களை ஒழிக்கும் சட்டம் வந்த பிறகு நிலப் பொருள் மங்கியது. அதோடு அந்தச் சம்பளப் பொருளும் மறைந்துவிட்டது. எனக்கு இதுதான் பெரிய இழப்பாகத் தெரிகிறது.

இன்னொரு மாற்றமும் நடந்தது. முன்பு மானியம் என்றால் அரசு வாங்காமல் விடுவது. இப்போது அரசு எடுத்துக் கொடுப்பது. சட்டமன்றத்தில் துறைக்குத் துறை பணம் கேட்பதும் மானியக் கோரிக்கைதான், காட்டுக்குச் சொட்டுநீர்க் குழாய் போட விவசாயிக்குக் கிடைப்பதும் மானியம்தான். பஸ் விஷயத்தில் இந்த ஒரே சொல் மூன்று வேறு வேறு பணத்தைச் சுமக்கிறது.

2025-26 தமிழ்நாடு பட்ஜெட்டில் மகளிர் விடியல் பயணத்துக்கு 3,600 கோடி ரூபாய், மாணவர் பஸ் கட்டணச் சலுகைக்கு 1,782 கோடி, டீசல் மானியத்துக்கு 1,857 கோடி என்று ஒதுக்கினார்கள். கடைசியாகச் சொன்னது மானியம் என்ற பெயருக்குப் பொருந்தும். டிக்கெட் விலையை ஏற்றாமல் வைத்திருக்க, எரிபொருள் செலவில் அரசு தோள் கொடுக்கிறது. ஆனால் முதல் இரண்டும் அப்படி இல்லை. அரசின் சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்கள் காசு கொடுக்காமல் போகலாம் என்பது 2021 மே மாதம் அரசு எடுத்த முடிவு, அதுதான் விடியல் பயணம். கழகம் அவர்களை ஏற்றிக்கொண்டு போகிறது, அரசு அதற்குப் பணம் தருகிறது. திருப்பூரில் பனியன் கம்பெனிக்காரர் தன் ஆட்களுக்கு மெஸ்ஸில் சாப்பாடு சொல்லிவைத்து, மாதக் கடைசியில் கணக்குத் தீர்ப்பார். அவர் மெஸ்காரருக்கு மானியம் கொடுத்தார் என்று யாராவது சொல்வோமா? சாப்பிட்ட சாப்பாட்டுக்குக் காசு கொடுத்தார் என்றுதான் சொல்வோம்.

இதற்கு நம்மிடம் ஈடு என்ற சொல் இருக்கிறது. இழப்பீடு என்பதில் இருக்கும் அதே ஈடு. ஒன்றுக்குச் சமமாக இன்னொன்றை வைப்பது. வெறும் ஈடு என்றால் நம் பக்கம் காட்டை அடமானம் வைப்பதையும் குறிக்கும், அதனால் கட்டண ஈடு என்று சேர்த்துச் சொல்லலாம். பயணிக்குப் பதிலாக அரசு கட்டும் கட்டணம். அந்த அம்மா ஓசியில் போகவில்லை, அவருக்கான காசு வேறு கையிலிருந்து வருகிறது என்பது இந்தச் சொல்லிலேயே விளங்கிவிடும். ஓசி என்ற வார்த்தை பஸ்ஸுக்குள் எத்தனை பெண்களைத் தலைகுனிய வைத்திருக்கிறது என்பதைப் பார்த்தவன் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

அப்புறம், பொதுவாக அரசு கொடுக்கும் உதவிப் பணத்துக்கு நல்கை. பல்கலைக்கழக மானியக் குழுவைத் தமிழார்வலர்கள் நல்கைக் குழு என்று எழுதுவதைப் பார்த்திருப்பீர்கள். நல்கு என்றால் கொடு, அருள் செய். "நெடுங்கடலும் தன்நீர்மை குன்றும் தடிந்தெழிலி தான்நல்கா தாகி விடின்" என்ற குறளில், கடலிலிருந்து எடுத்ததைக் கடலுக்கே திருப்பிக் கொடுப்பதைத்தான் மேகம் நல்குவதாக வள்ளுவர் சொல்கிறார். மக்களிடம் வாங்கிய வரி மக்கள் போகும் பஸ்ஸுக்குத் திரும்புவதற்கு இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை. டீசல் மானியத்தை டீசல் நல்கை என்றே சொல்லலாம்.

சரி, அந்தத் தனியார் கண்டக்டர் பக்கம் வருவோம். கொங்கு நாட்டில் பஸ் தொழில் தனியாரிடம்தான் வளர்ந்தது. ஜி. டி. நாயுடு 1920-இல் ஒரே ஒரு பஸ்ஸை வைத்துப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓட்டத் தொடங்கினார். 1972-இல் கோவையில் சேரன் போக்குவரத்துக் கழகம் வந்தது. சேலத்தில் அண்ணா, ஈரோட்டில் ஜீவா என்று கழகங்கள் இருந்தன. 1997-இல் அந்தப் பெயர்கள் எடுக்கப்பட்டன. இத்தனைக்கும் நடுவில் தனியார் பெர்மிட் பஸ்களும் நம் ரோடுகளில் ஓடிக்கொண்டேதான் இருக்கின்றன. அவர்களுக்கு வழித்தடமும் டைமிங்கும் அரசு கொடுக்கிறது, கட்டணத்தையும் அரசே நிர்ணயிக்கிறது. கலெக்ஷன் அவர்களுடையது, நட்டமும் அவர்களுடையதுதான். இங்கே நடப்பது அனுமதி மட்டும். பெர்மிட்டுக்கு இசைவு என்ற சொல் போதும்.

இதை ஒப்பந்த முறையோடு போட்டுக் குழப்பக் கூடாது. சென்னையில் 2025 ஜூனில் ஓடத் தொடங்கிய மின்சார பஸ்களில் வண்டியும் டிரைவரும் தனியார் நிறுவனத்தினுடையது, கண்டக்டர் மாநகரப் போக்குவரத்துக் கழகத்துக்காரர். டிக்கெட் காசு கழகத்துக்குப் போகும். ஓடிய கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று நிறுவனத்துக்குக் கழகம் கொடுக்கும். லண்டனில் 1985-இல் டெண்டர் விடத் தொடங்கி, இன்று அங்கே பஸ் ஓட்டுவது தனியார் நிறுவனங்கள்தான். இதை நம் ஆட்கள் 'பஸ்ஸைக் குத்தகைக்கு விட்டுட்டாங்க' என்கிறார்கள்.

குத்தகை நல்ல பழைய சொல், தெலுங்கில் குத்த, கன்னடத்தில் குத்திகெ என்று உறவுக்காரர்களும் உண்டு. கன்னடத்தில் அதற்கு ஒப்பந்தம் என்ற பொருள் வலுவாகவே இருக்கிறது. ஆனால் தமிழில், அதுவும் நம் விவசாயி வாயில், குத்தகை என்றால் பணம் எந்தத் திசையில் போகும் என்பது தீர்மானமானது. காட்டைக் குத்தகைக்கு எடுத்தவர் சொந்தக்காரருக்குக் கொடுப்பார், விளைந்ததைத் தான் வைத்துக்கொள்வார். கிலோமீட்டர் கணக்கில் இது தலைகீழ். அரசு கொடுக்கிறது, தனியார் வாங்குகிறார், விளைச்சல் அரசுக்கு.

இதற்குப் பொருந்தும் உவமை சோமனூரிலும் பல்லடத்திலும் இருக்கிறது. கூலிக்கு நெசவு செய்கிற விசைத்தறிக்காரருக்குப் பாவும் நூலும் ஜவுளி உற்பத்தியாளர் கொடுப்பார், மீட்டருக்கு இவ்வளவு என்று கூலி. துணி விற்றாலும் விற்காவிட்டாலும் அது உற்பத்தியாளர் பாடு. தறிக்காரருக்குக் கூலி கட்டுபடியாக வேண்டும் என்பதுதான் போராட்டம். பஸ்ஸிலும் அதேதான். கூட்டம் வந்தாலும் வராவிட்டாலும் அது கழகத்தின் பாடு, கிலோமீட்டர் கூலி சரியாக வருகிறதா என்பது நிறுவனத்தின் கவலை. ஆகவே இதை ஓட்டுக்கூலி ஒப்பந்தம் என்று அழைக்கலாம் என்பது என் யோசனை. மொத்தச் செலவு ஒப்பந்தம் என்று அலுவலக மொழியில் எழுதினால், தறி ஓட்டுகிறவருக்குக்கூடப் புரியாமல் போகும்.

கோபி கண்டக்டரின் கேள்வி அப்படியே நிற்கிறது. அவர் பஸ்ஸில் கிடைக்காத பயணத்துக்குத்தான் அந்த அம்மா வெயிலில் காத்திருந்தார். கால் மணி நேரம் கழித்து அரசு பஸ் வந்தது. கட்டணமில்லாப் பயணச்சீட்டு ஒன்றை அவர் கையில் கொடுத்தார்கள். எத்தனை பெண்கள் ஏறினார்கள் என்ற கணக்கு அந்தச் சீட்டில்தான் இருக்கிறது. அதே சீட்டைத் தனியார் பஸ்ஸிலும் கொடுத்து, அதற்கு ஒரு கட்டண ஈடும் அரசு கொடுத்தால், அவர் முதல் வண்டியிலேயே ஏறியிருப்பார்.