தேர்தல் இரவில் வானொலி மௌனமானால்

வானொலிச் செய்திப் பிரிவில் இருபது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றிய பிறகு, இப்போது இளம் செய்தியாளர்களுக்குத் தேர்தல் செய்தி சேகரிப்பில் பயிற்சி அளித்துவருகிறேன். ஒவ்வொரு வகுப்பிலும் முதல் நாளன்று ஒரு கேள்வி கேட்பேன். வாக்கு எண்ணிக்கை நடந்துகொண்டிருக்கிறது. தேர்தல் ஆணையம் எதையும் அறிவிக்கவில்லை. இரண்டு வேட்பாளர்களும் தாங்களே வென்றதாகச் சொல்கிறார்கள். ஊரில் பதற்றம் கூடுகிறது. உங்கள் மேசையிலோ நூறு வாக்குச்சாவடிகளின் கையொப்பமிட்ட முடிவுகள் இருக்கின்றன. ஒலிபரப்புவீர்களா? பெரும்பாலானோர் எழுதித் தரும் விடை ஒன்றுதான்: அதிகாரபூர்வ அறிவிப்பு வரும்வரை காத்திருப்போம். காரணம் கேட்டால், 1994-ல் வானொலி இனப்படுகொலையைத் தூண்டிய ருவாண்டாவைச் சொல்வார்கள்.

அந்த விடையில் நல்லெண்ணம் இருக்கிறது. ஆனால் ருவாண்டாவிலிருந்து ஊடகத்தார் கற்க வேண்டிய பாடம் மௌனம் அன்று என்பதை, ஆப்பிரிக்காவின் மூன்று நாடுகளை முன்வைத்து இங்கே விளக்க விரும்புகிறேன்.

ருவாண்டாவில் 1993 ஜூலையில் ஒலிபரப்பைத் தொடங்கிய ஆர்.டி.எல்.எம். என்ற தனியார் வானொலி, முதல் நாளிலிருந்தே வெறுப்பை மட்டும் கக்கிக்கொண்டிருந்ததாகப் பலர் எண்ணுகிறார்கள். அப்படி இருந்திருந்தால் அதை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அரசு வானொலி அறிக்கைகளையும் உரைகளையும் விறைப்பாக வாசித்துக்கொண்டிருந்த காலத்தில், இந்தப் புதிய நிலையம் காங்கோ இசையை ஒலிக்கவிட்டது. தெருவில் பேசும் மொழியில் பேசியது. நேயர்களைத் தொலைபேசியில் அழைக்கச் சொல்லி அவர்களோடு சிரித்தது. திண்ணையில் வந்து உட்கார்ந்து பேசும் பக்கத்து வீட்டுக்காரரின் குரலாக அது மாறிய பிறகுதான், அந்நாட்டின் சிறுபான்மை இனமான டுட்சி மக்களைக் குறிக்கும் 'இன்யென்சி', அதாவது கரப்பான்பூச்சி, என்ற சொல் அந்தக் குரலின் வழியே நாள்தோறும் வீடுகளுக்குள் நுழைந்தது. 1994 ஏப்ரல் 6 இரவு அதிபர் ஹபியாரிமானாவின் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டு, கொலைகள் தொடங்கியதும், அதே குரல் மனிதர்களின் பெயர்களையும் வாகன எண்களையும் அவர்கள் ஒளிந்திருந்த இடங்களையும் அறிவித்தது. ஏறக்குறைய நூறு நாட்களில் சுமார் எட்டு லட்சம் பேர் கொல்லப்பட்டதாகப் பரவலாக மதிப்பிடப்படுகிறது. அந்தக் கொலைகளில் வானொலியின் பங்கு எவ்வளவு, ராணுவத்தின் பங்கும் உள்ளூர் நிர்வாகத்தின் பங்கும் எவ்வளவு என்று ஆய்வாளர்கள் இன்றும் விவாதிக்கிறார்கள். பங்கே இல்லை என்று சொல்வதற்கு மட்டும் இடமில்லை.

வகுப்பில் நான் அதிக நேரம் செலவிடுவது இதற்கும் முந்தைய ஒரு நிகழ்வில்தான். 1992 மார்ச்சில், கென்யத் தலைநகர் நைரோபியிலிருந்து வந்ததாகச் சொல்லப்பட்ட ஓர் அறிக்கையை ருவாண்டாவின் அரசு வானொலியே திரும்பத் திரும்ப வாசித்தது. பெரும்பான்மை இனமான ஹூட்டு மக்களின் தலைவர்களைக் கொல்லச் சதி நடக்கிறது என்பது அதன் சாரம். அது பொய். ஆனால் அதைத் தொடர்ந்து புகெசேரா பகுதியில் நூற்றுக்கணக்கான டுட்சி மக்கள் கொல்லப்பட்டார்கள். அப்போது அரசின் செய்தித் துறைக்குத் தலைமை வகித்த பெர்டினாண்ட் நஹிமானா, பின்னர் ஆர்.டி.எல்.எம். நிலையத்தை நிறுவியவர்களில் ஒருவரானார். அதிகாரபூர்வமான குரலில் வந்தது என்ற ஒரே காரணத்துக்காக எதையும் நம்பிவிடக் கூடாது என்பதற்கு இதைவிட வேறு சான்று எனக்குத் தெரியவில்லை.

தான்சானியாவின் அருஷா நகரில் அமைந்த, ருவாண்டாவுக்கான சர்வதேசக் குற்றவியல் தீர்ப்பாயம் நஹிமானா உள்ளிட்ட மூவர் மீதான வழக்கில் 2003 டிசம்பர் 3 அன்று தீர்ப்பளித்தது. அந்த அமர்வுக்குத் தலைமை வகித்தவர் டர்பனில் பிறந்த தென்னாப்பிரிக்கத் தமிழரான நீதிபதி நவநீதம் பிள்ளை. துப்பாக்கியோ வெட்டுக்கத்தியோ கையில் இல்லாமலேயே ஆயிரக்கணக்கான அப்பாவிகளின் சாவுக்கு நீர் காரணமானீர் என்று நஹிமானாவை நோக்கிச் சொன்ன அந்தத் தீர்ப்பு, ஊடகத்தைக் கட்டுப்படுத்துபவர்கள் அதன் விளைவுகளுக்குப் பொறுப்பாளிகள் என்பதையும் பதிவு செய்தது. 2007-ல் மேல்முறையீட்டில் தண்டனைகள் ஓரளவு குறைக்கப்பட்டாலும், மூவரும் நீண்ட கால சிறைத்தண்டனையிலிருந்து தப்பவில்லை.

எனக்கு வருத்தம் தருவது இதன் பிறகு நடந்தது. அந்தத் தீர்ப்பு ஊடகத்தை நடத்துபவர்களின் பொறுப்பைப் பற்றிப் பேசியது. ஆனால் பல அரசுகள் ருவாண்டாவின் பெயரைச் சொல்லி ஊடகத்தின் வாயை அடைக்கக் கற்றுக்கொண்டன. கென்யாவில் 2007 டிசம்பர் 27 அன்று அதிபர் தேர்தல் நடந்தது. மூன்று நாட்கள் கழித்து, பதவியிலிருந்த அதிபர் முவாய் கிபாக்கியே வென்றதாக அறிவிக்கப்பட்டு, அன்று மாலையே பதவியேற்றார். அன்றே நேரலை ஒலிபரப்புக்கும் ஒளிபரப்புக்கும் அரசு தடை விதித்தது. அமைதி காக்க என்று காரணம் சொல்லப்பட்டது. ஆனால் மக்களை உண்மையில் அலைக்கழித்த கேள்வி, எண்ணிக்கை சரியா என்பதுதான். மோலோ தொகுதியில் கிபாக்கிக்கு 50,145 வாக்குகள் என்று தொகுதியிலேயே அறிவிக்கப்பட்டது, நைரோபியில் 75,261 ஆனதை ஐரோப்பிய ஒன்றியப் பார்வையாளர்கள் சுட்டிக்காட்டினார்கள். யார் வென்றார் என்பது தமக்கே தெரியாது என்று தேர்தல் ஆணையத் தலைவர் சாமுவேல் கிவுயிட்டு சில நாட்களில் சொன்னார். அந்த இடைவெளியை நிரப்பியவை வதந்திகளும், கைப்பேசியில் பரவிய குறுஞ்செய்திகளும், சில வட்டார மொழி வானொலிகளில் நேயர்கள் பேசிய வெறுப்புப் பேச்சும். ஆயிரத்து நூறுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். லட்சக்கணக்கானோர் வீடுவாசலை இழந்தார்கள். 2008 ஜனவரி 3 அன்று நாளிதழ்கள் அனைத்தும், நம் அன்புக்குரிய நாட்டைக் காப்பாற்றுங்கள் என்ற ஒரே தலைப்போடு வெளிவந்தன. அந்த ஒற்றுமை மனத்தைத் தொடுகிறது. ஆயினும், மோலோவின் இரண்டு எண்களையும் அருகருகே அச்சிட்டுக் கேள்வி கேட்கும் துணிவும் அதே அளவு அந்த வாரத்துக்குத் தேவைப்பட்டது என்பதே என் கருத்து.

அந்தக் காயம் கென்ய ஊடகத்தாரிடம் ஆழமாகத் தங்கிவிட்டது. 2013 தேர்தலில் முடிவுகளை மின்னணு வழியில் அனுப்பும் ஏற்பாடு செயலிழந்தபோது, அமைதிக்குப் பங்கம் வந்துவிடுமோ என்ற அச்சத்தில் பலர் கடுமையான கேள்விகளைத் தவிர்த்தார்கள் என்ற விமர்சனம் அந்நாட்டிலேயே எழுந்தது. 2018 ஜனவரி 30 அன்று எதிர்க்கட்சித் தலைவர் ரைலா ஒடிங்கா தம்மை 'மக்களின் அதிபர்' என்று அறிவித்துப் பதவியேற்ற நிகழ்ச்சியை ஒளிபரப்ப முயன்ற மூன்று பெரிய தொலைக்காட்சிகளை அரசு முடக்கியது. உயர் நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகும் சில நாட்கள் அவை இருளிலேயே இருந்தன. ஆனால் வேறு ஒரு மாற்றமும் இடையில் நிகழ்ந்தது. தொகுதியில் அறிவிக்கப்படும் எண்ணிக்கையே இறுதியானது என்று 2017-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2022 ஆகஸ்டில், 46,000-க்கும் மேற்பட்ட வாக்குச்சாவடிகளின் முடிவுப் படிவங்களைத் தேர்தல் ஆணையம் இணையத்தில் ஏற்றி, யாரும் பார்த்துக் கூட்டிக்கொள்ளலாம் என்று திறந்துவிட்டது. ஊடக நிறுவனங்கள் தனித்தனியே கூட்டத் தொடங்கின. ஒவ்வொன்றும் ஒவ்வொரு பகுதியின் படிவங்களிலிருந்து தொடங்கியதால் அவர்கள் காட்டிய எண்கள் வேறுபட்டு மக்களைக் குழப்பின. சில நிறுவனங்கள் பாதியிலேயே நிறுத்திக்கொண்டன. போட்டி நெருக்கமாக இருந்தது. ஆணையர்கள் எழுவரில் நால்வர் முடிவை ஏற்க மறுத்தார்கள். இருந்தும் 2007-ஐப் போன்ற பெருங்கலவரம் மூளவில்லை; சச்சரவு உச்ச நீதிமன்றத்துக்குப் போய் அங்கே முடிந்தது. அதற்குப் பல காரணங்கள் உண்டு. சான்று எல்லோர் கையிலும் இருந்தது அவற்றுள் ஒன்று என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கானா இந்தப் பாதையில் முன்னரே நடந்துவிட்டது. 1994-ல் உரிமமின்றி ஒலிபரப்பிய ஒரு வானொலியை அரசு மூடியதும் தலைநகர் அக்ராவில் எதிர்ப்பு எழுந்தது. 1995-ல் தனியார் பண்பலை நிலையங்கள் வந்தன. 2000 டிசம்பர் தேர்தலில் செய்தியாளர்கள் கைப்பேசியுடன் வாக்குச்சாவடிகளில் நின்று, எண்ணி முடித்த உடனே முடிவை நிலையத்துக்குச் சொன்னார்கள். வழியில் எண்ணை மாற்ற நினைப்பவருக்கு அது பெரிய தடையாக அமைந்தது. அந்தத் தேர்தலில் ஆட்சி முதன்முறையாக வாக்குச்சீட்டின் வழியே எதிர்க்கட்சிக்குக் கைமாறியது. 2008-ல் இரண்டாம் சுற்றில் வித்தியாசம் ஏறத்தாழ 40,000 வாக்குகள்தான். அப்போதும் ஆட்சி அமைதியாகவே மாறியது. 2012 தேர்தலை எதிர்த்த வழக்கின் விசாரணையை மறு ஆண்டு தொலைக்காட்சியும் வானொலியும் மாதக்கணக்கில் நேரலையாகத் தந்ததில், 'பிங்க் ஷீட்' என்று அழைக்கப்படும் வாக்குச்சாவடி முடிவுத் தாள் சந்தைப் பேச்சில்கூட இடம்பெறும் சொல்லாயிற்று. ஓர் அலுவலகப் படிவத்தின் பெயர் மக்கள் வாயில் புழங்குவதை அரசியல் பண்பாட்டின் முதிர்ச்சி என்றே சொல்வேன்.

அங்கும் குறைகள் உண்டு. நேயர் நிகழ்ச்சிகளில் கட்சிக்காகத் தினமும் அழைத்துப் பேசுவதையே தொழிலாகக் கொண்டவர்களை அங்கே 'சீரியல் காலர்' என்கிறார்கள். பொதுமக்களின் குரல் என்று நாம் நினைப்பது பல நேரங்களில் அவர்களின் குரல். 2019 ஜனவரியில் அக்ராவில் புலனாய்வுச் செய்தியாளர் அகமது ஹுசைன் சுவாலே சுட்டுக் கொல்லப்பட்டார்; அதற்குச் சில மாதங்களுக்கு முன் ஒரு நாடாளுமன்ற உறுப்பினர் அவருடைய படத்தைத் தொலைக்காட்சியில் காட்டி, அவரைத் தாக்கச் சொல்லியிருந்தார். ஒருவரின் பெயரையும் முகத்தையும் அறிவித்து ஆபத்துக்குள்ளாக்கும் பழக்கம் ருவாண்டாவின் தலைநகர் கிகாலியோடு முடிந்துவிடவில்லை.

ஆகவே என் மாணவர்களிடம், ஒலிபரப்புங்கள் என்றே சொல்கிறேன். ஆனால் எப்படி என்பதற்கே மீதி நாட்கள் அனைத்தும் செலவாகின்றன. வாக்குச்சாவடியின் பெயரைச் சொல்ல வேண்டும்; எல்லாக் கட்சி முகவர்களும் கையொப்பமிட்டார்களா என்பதைச் சொல்ல வேண்டும்; மொத்தம் எத்தனை சாவடிகளில் இவை எத்தனை, எந்தப் பகுதியைச் சேர்ந்தவை என்பதை ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டும்; முன்னணி என்ற சொல்லை வெற்றி என்ற சொல்லாக மாற்றக் கூடாது; நேயரின் அழைப்பைச் சில நொடிகள் தாமதித்தே ஒலிக்கவிட வேண்டும். தனிமனிதர் இருக்குமிடத்தை எக்காரணம் கொண்டும் அறிவிக்கக் கூடாது. கடைசி நாளில் கரும்பலகையில் 50,145 என்றும் 75,261 என்றும் எழுதிவிட்டு, முதல் நாள் கேட்ட கேள்வியையே மறுபடியும் கேட்பேன். இந்த முறை விடை எழுத அவர்களுக்கு அதிக நேரம் பிடிக்கிறது.